பெரட்டுக் களத்தில் பதினேழு பெயர்கள்

கோலா சாவாவில் 'சார்ஜன் வீடு' என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் வழிகாட்டுவார். அந்த சார்ஜன் எங்கள் அப்பா. அவர் மறைந்து ஓராண்டு நிறைவுற்ற இந்த மாதத்தில், அவர் சொல்ல நான் எழுதிவைத்ததையும், உடனிருந்து குறித்துவைத்ததையும் மட்டுமே உங்கள் முன் வைக்கிறேன்.

அப்பா ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில், அடுத்த வீட்டு நாகப்பன் மாமாவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு ராணுவத்தில் சேர்ந்தார். எல்லைக் காட்டில் ரோந்து சென்றபோது மாமா உயிரிழந்தார். அவருடைய தகரப் பெட்டியைத் தோட்டத்திற்குச் சுமந்து வந்தவர் அப்பா. மாமாவின் தங்கை சரோஜா அத்தை வாசலிலேயே மறித்தாராம்.

"கூட்டிட்டுப் போனது ஆள. இப்பப் பெட்டிய நீட்டுறீங்களே, ஆளு எங்க?"

அத்தை திருமணமாகிக் கோலா பிலாவுக்குப் போன பிறகும் அப்பாவுடன் ஒரு சொல் பேசவில்லை.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். தோட்டத்துக் கணக்கரான கிராணி கூப்பிட, அவரவர் குரல் கொடுக்க வேண்டும். பணி ஓய்வுக்குப் பின் அப்பா அதே களத்தில் வேறொரு பெரட்டைத் தொடங்கினார். ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழா நாளன்று, காலை ஐந்து ஐம்பதுக்கு, தோட்டத்திலிருந்து போர்ப்பணிக்குப் போனவர்களின் பெயர்களைக் கூப்பிடுவார். ஜப்பான்காரர் காலத்தில் இந்திய விடுதலைப் படையில் சேர்ந்து பர்மா எல்லைவரை நடந்த இருவர். அவர்களில் ஒருவர் பெண். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் முள்வேலிக்குக் காவல் நின்றவர்கள். பிறகு ராணுவத்தில் சேர்ந்தவர்கள். ஆறு லயங்கள் மட்டுமே இருந்த ஒரு தோட்டத்திலிருந்து பதினேழு பேர்! ரப்பர்ப் பால்வாளி தூக்கிய அந்தக் கைகளை நினைக்கும்போது எனக்கு இன்றும் எழுத்து நின்றுவிடுகிறது.

உயிரோடிருப்பவர் தாமே பதில் சொல்வார். மறைந்தவருக்கு இரத்த உறவில் ஒருவர் "இருக்காரு" என்று சொல்ல வேண்டும். நாகப்பன் மாமாவின் பெயருக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நிற்பார்.

"சார்ஜன், நீங்களே சொல்லிடுங்கலா. வெள்ளைக்காரன் காலத்துப் பெரட்டுகூட இவ்ளோ கண்டிப்பு இல்ல," என்றார் ஒருமுறை, வேலையாட்களை மேய்த்த பழைய மண்டோர்.

"அதான் நீ தெனமும் லேட்டா வந்தே," என்று சிரித்த அப்பா, உடனே முகம் மாறினார். "பேர் கூப்புடுறவன் பதில் சொல்லக் கூடாது. இவன் பேருக்கு நான் சொல்லவே கூடாது."

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு வெற்றிலை பாக்குடன் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கோலா பிலாவுக்குப் போவார். அத்தை கேட்டுக்கு மேலாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். என் குறிப்பில் பத்தொன்பது முறை பதிவாகியிருக்கிறது.

"எதுக்குப்பா போறீங்க? அவங்க மதிக்கவே மாட்டேங்கறாங்க," என்று ஒருமுறை கோபப்பட்டேன்.

"வாங்கிக்கறாங்கல்ல," என்றார்.

மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் பதினேழு பெயர்களையும் வரிசை மாறாமல் என்னைச் சொல்ல வைத்தார். "நாகப்பன்கிட்ட ஒரு நிமிஷம் நிக்கணும். மறந்துடாதம்மா."

துக்க வீட்டார் ஓராண்டுக்குக் கோயிலுக்குள் போவதில்லை. திருவிழா அழைப்பும் கொண்டுபோவதில்லை. ஆகவே சென்ற ஆண்டுத் திருவிழாவுக்கு முன் கோலா பிலாவுக்கு யாரும் போகவில்லை. களம் கோயில் வேலிக்கு வெளியே இருந்ததால் நான் ஐந்து ஐம்பதுக்கு அங்கே நின்றேன். நாகப்பன் மாமாவின் பெயரைக் கூப்பிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது வினாடிகூட ஆகவில்லை.

"இருக்கான்."

செம்பனை மரங்களின் பக்கமிருந்து சரோஜா அத்தை தடியூன்றி வந்துகொண்டிருந்தார். "அழைப்பு வரல. வராம இருக்க மாட்டாரே அந்த மனுசன். விசாரிச்சேன்," என்றார்.

பதினேழும் முடிந்ததும் பதினெட்டாவதாக அப்பாவின் பெயரைக் கூப்பிட்டேன். பதில் சொல்ல வேண்டியவன் என் தம்பி. அவன் வாய் திறக்குமுன் அத்தையின் குரல் வந்தது.

"இருக்காரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனாங்க."

இரத்த உறவு இல்லையே என்று யாரும் சொல்லவில்லை. மண்டோர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பந்தல் போட்ட லுக்குட் உறவினர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. துக்கம் கழிந்துவிட்டதால், வரும் திருவிழாவுக்கு அழைப்பிதழுடன் போன வாரம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்டு திறந்திருந்தது.

"அழைப்பெல்லாம் என்னத்துக்கும்மா? எத்தன மணின்னு மட்டும் சொல்லு."

"ஐந்து ஐம்பது, அத்தை," என்றேன்.

பேனாவை எடுத்துச் சுவர் நாட்காட்டியில் எழுதிக்கொண்டார்.