சட்டி வெடித்த மத்தியானம்

இன்று காலை குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்து கருகியது. அந்த வாசம் என்னை ஆரையம்பதியில் எங்கள் பழைய குசினிக்குக் கொண்டுபோனது.

அன்று அக்காவைப் பெண் பார்க்க வாழைச்சேனையிலிருந்து வருகிறார்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவர்கள் வர ஒரு மணித்தியாலம் இருக்கையில் மண்சட்டி வெடித்து, மீன்குழம்பு முழுவதும் நெருப்பில் கொட்டியது. அம்மா புகைக்குள் குந்தியிருந்து அழுதார்.

பக்கத்து வீட்டுச் செல்லம் மாமி ஓடிவந்தார்.

"அழுறத மறுகா பாப்பம்கா. நீ சோத்தப் பாரு."

தன் வீட்டுக்குச் சமைத்த இறால்கறியைச் சட்டியோடு தூக்கிவந்தார். விசயம் கேள்விப்பட்ட மைமூனா மாமி, காத்தான்குடியிலிருந்து பொரித்த மீனோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர் அவர்.

சாப்பிடும்போது மாப்பிள்ளையின் தாய் கேட்டார்: "கறி நல்ல ருசி. ஆர் சமைச்ச?"

அம்மா மறைக்கவில்லை. நடந்ததைச் சொல்லி, "என்ட கூட்டாளிமார் சமைச்ச" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் சிரித்தார். "இப்பிடிச் சனத்துக்குள்ள என்ட மகன் வந்து இருக்கட்டும்."

அக்காவைக் கட்டி அத்தான் எங்கள் வீட்டோடு வந்து முப்பது வருடமாகிறது. அம்மாவும் செல்லம் மாமியும் இப்போது இல்லை. நான் அடுப்பைத் துடைத்துவிட்டு மைமூனா மாமிக்குப் போன் எடுத்தேன்.