எட்டாவது ஊர்

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, ஒரு காலை வண்டிப் படியில் வைத்து, ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கூவினால், எதிரே பூ விற்கிற அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். "சேம்பறை கம்புக்குடி வழுதலம்பட்டு நடுக்குப்பம் கோவிலூர் புங்கம்பட்டு நெல்லிவாசல் புதூர்நாடேய்!" எட்டு ஊர், ஒரே மூச்சு. நடுவில் காற்று இழுத்துவிட்டால் அவர் கணக்கில் அது கூவலே இல்லை. இதே வரிசையில் சாலை போகாது; இந்த எல்லா ஊருக்கும் ஜீப்பும் போகாது, பாதிப் பேர் வழியில் இறங்கி நடக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வாய்க்கு இதுதான் வரிசை. மாற்றிச் சொன்னால் கோபம் வரும்.

எனக்கு வேலை அதற்கு நேர் எதிர். சத்தமில்லாமல் மூச்சு விடச் சொல்லிக்கொடுப்பது. திருப்பத்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்து, பெண்களுக்கு யோகா வகுப்பு நடத்துகிறேன். முழங்கால் வலி, இடுப்பு வலி, தூக்கம் வராதது, வீட்டில் இருக்கப் பிடிக்காதது என்று ஆளுக்கொரு காரணத்தோடு இருபது பேர் வந்துகொண்டிருந்தார்கள். காலையில் புதூர்நாட்டிலிருந்து அவருடைய முதல் நடையில், முன் சீட்டில் உட்கார்ந்து மலை இறங்குவேன். மத்தியானம் அதே சீட்டில் வீடு திரும்புவேன். பின்னால் புளி மூட்டையும் பலாப்பழமும், முன்னால் நானும் என் சுருட்டிய பாயும்.

"மூச்சு வுடறதுக்கு ஒரு கிளாஸு. அடுத்தது கண்ணடிக்கறதுக்கு ஒன்னு ஆரம்பிச்சுடு" என்பார்.

"அதுக்கு உங்களுக்கு கிளாஸே வேணாம். ஸ்டாண்ட்ல தெனமும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்பேன். பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பதினைந்து வருடம் இப்படித்தான் மலை ஏறி இறங்கினோம்.

ஊரடங்கு வந்தது. இரண்டு பேர் பிழைப்பும் ஒரே நாளில் நின்றது. அவர் ஜீப்பை வீட்டுக்கு மேலே இருக்கிற மேட்டில் நிறுத்தினார். நான் அறைச் சாவியை ஆணியில் மாட்டினேன். ஒரு மாதம் கழித்து, எல்லாரும் போனில் நடத்துகிறார்களே என்று நானும் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. அந்த மேட்டில், ஜீப்புக்குப் பக்கத்தில்தான் வரும். ஆகவே ஜீப் பானெட்டின் மேல் கண்ணாடியில் போனைச் சாய்த்து வைத்து, அதன் எதிரே தரையில் பாய் விரித்து, காலை ஆறு மணிக்கு வகுப்பு. ஆடு ஒன்று தினமும் வந்து பாயின் ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போகும்.

வீட்டில் வீடியோ வருகிற போன் ஒன்றுதான், அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். ஏழாவது படிக்கிற மகளுக்கும் அதே போனில்தான் பள்ளிக்கூடம். ஒரு நாள் நான் கவிழ்ந்து படுத்து, இரண்டு கணுக்காலையும் பிடித்து வில்லாக வளைந்திருக்கும்போது அவளுடைய கணக்கு வாத்தியார் கூப்பிட்டுவிட்டார். அந்த நிலையிலேயே "வணக்கம் சார்" என்றேன். அடுப்பில் சாமைச் சோறு கொதிக்கும், மகள் "அம்மா சார்ஜ் இல்ல" என்பாள், நான் போனைப் பார்த்து "மனசை அமைதியா வெச்சுக்கோங்க" என்பேன். எனக்கே சிரிப்பு வரும். இருபது பேரில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். அந்த ஒன்பது பேரில் ரொம்ப வாயாடி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா.

இரண்டாவது அலையில் கொரோனா அவரைப் பிடித்துக்கொண்டது. மலையில் காய்ச்சல் வந்தவர்களை ராத்திரி பகல் பார்க்காமல் ஜீப்பில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வேண்டாம் என்று நான் சொன்னேன். பலமாகச் சொல்லவில்லை. ஏறியவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள், என்ன சொல்ல முடியும்? பிறகு அவரையே யாரோ ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. திரும்பி வந்தார், அது போதும்.

வந்தவர் பாதி ஆள். வீட்டிலிருந்து ஜீப் நிற்கும் மேட்டுக்கு நடக்க மூன்று இடத்தில் உட்கார்ந்தார். குரல் நூலாகிவிட்டது. அவர் கூப்பிட்டால் கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் ஜீப் படியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்து, வாயைத் திறந்தார். "சேம்பறை கம்புக்குடி வழு..." அவ்வளவுதான். இருமல் வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பார்க்காத மாதிரி துணி உலர்த்தினேன்.

அன்று சாயங்காலம் சொன்னார்: "கீழ ஒருத்தன் வண்டியக் கேக்கறான். ஆடி முடியட்டும். அதுக்குள்ள எட்டு ஊரும் ஒரே மூச்சுல வரலன்னா குடுத்துடறேன்."

"வண்டி ஓட்டறது கையும் காலுமா, வாயா? டாக்டரே கொஞ்ச நாள்ல ஓட்டலாம்னுட்டாரு."

"கூவ முடியாதவன் வண்டில எவன் ஏறுவான்? பொம்மையாட்டம் நிக்கச் சொல்றியா?"

எனக்குத் தெரியும். அவருக்குப் பயம். பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது மூச்சு முட்டிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, ஊர்ப் பெயர்களின் மேல் போட்டுவிட்டார். அந்த ஜீப் இல்லாத மனிதரை எனக்கும் பழக்கமில்லை.

மூச்சுதானே, நமக்குத் தெரியாததா என்று நான் இறங்கினேன். அங்கேதான் தப்பு செய்தேன். கட்டின புருஷனிடம் மிஸ் குரலில் பேசினேன். "நிமிந்து ஒக்காருங்க. தோள எறக்குங்க. நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி மெதுவா விடுங்க."

"மூச்ச எண்ணி எண்ணி வுடறதுக்கு நான் இன்னா கஞ்சனா?" என்று எழுந்துவிட்டார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கோபம் ஊரறிந்தது. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றேன், வூட்டுல இருக்கறவரு மட்டும் கேக்க மாட்டாரு! எனக்கு இன்னா வந்துது? வித்துத் தொலைங்க அந்த வண்டிய!"

அவர் மெதுவாக எழுந்து, மூன்று இடத்தில் உட்கார்ந்து, மேடேறி ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சாமை களைந்துகொண்டே அழுதேன். பிழைத்து வந்த மனிதரிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் போய் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அந்தப் பழக்கம் எங்கள் இருவருக்குமே கிடையாது.

அடுத்த நாளிலிருந்து காலையில் எனக்கு முன்னாலேயே அவர் டிரைவர் சீட்டில் இருப்பார். பேச மாட்டார். நான் போனைக் கண்ணாடியில் சாய்ப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். வகுப்பில் இருப்பவர்களுக்கு அவர் தெரிய மாட்டார், எனக்கு மட்டும் நேர் எதிரே. முதல் நாள் வலது காலையும் இடது காலையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். "மிஸ், இன்னிக்கு உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று தையல்கார அக்கா கேட்டாள்.

நான்கு நாள் கழித்து மகள் சமையலறைக்கு ஓடி வந்து காதோடு சொன்னாள்: "அம்மா, நீ கண்ண மூடச் சொன்னப்போ அப்பாவும் மூடிக்கினாரு. தோளக்கூட எறக்கினாரு." எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்த மாதிரி காட்டிக்காத" என்று அவள் வாயைப் பொத்தினேன்.

ஒரு காலை, மூச்சை நீளமாகச் சத்தத்தோடு வெளியே விடும் பயிற்சி. ஒன்பது பேரும் வெட்கப்பட்டார்கள். வீட்டில் மாமியார் இருக்கிறார், பக்கத்து வீட்டில் கேட்கும் என்று கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிற மாதிரி ஏதோ செய்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாரும் திருப்பத்தூர் ஸ்டாண்டுக்குப் போனவங்கதானே? மலைக்குப் போற ஜீப்ல கூவுவாங்களே, அந்த மாதிரி வுடுங்க. இதோ பாருங்க" என்று இடுப்பில் கையை வைத்து நானே கூவினேன்: "சேம்பறை கம்புக்குடி நடுக்குப்பம் வழுதலம்பட்டு..."

பாம்ம்ம் என்று ஹாரன் அடித்தது. ஆடு ஒரே ஓட்டம். ஜீப்புக்கு வெளியே தலையை நீட்டி அவர் கத்தினார்: "நடுக்குப்பத்துக்கு முன்னால வழுதலம்பட்டுடி! பதினஞ்சு வருசமா முன் சீட்ல ஒக்காந்துக்கினு இன்னா பண்ணிக்கினு இருந்த?"

இதை நான் திட்டம் போட்டுச் செய்ததாக மகள் இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாள். சத்தியமாக இல்லை. எனக்கு நிஜமாகவே வரிசை தெரியவில்லை. தினமும் கேட்பதை யார் கவனிக்கிறார்கள்?

எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டுவதற்காக, வந்த வேகத்தில் அவரே ஆரம்பித்துவிட்டார். "சேம்பறை கம்புக்குடி வழுதலம்பட்டு நடுக்குப்பம்..." நான்கு ஊர். பிறகுதான் இருமல் வந்தது.

போனிலிருந்து தையல்கார அக்காவின் குரல்: "யாரு மிஸ் அது? நம்ம ஸ்டாண்டு அண்ணன் கொரலாட்டம் இருக்குதே! ஐயோ, அந்தக் கொரலக் கேட்டு எம்மா நாளாச்சு! கடைக்குள்ள ஒக்காந்துக்கினு தெனமும் கேப்பேன். மூஞ்சி மட்டும் பாத்ததில்ல. அண்ணா, இன்னொரு வாட்டி கூவுங்கண்ணா!"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி வெட்கப்படவில்லை. தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், இன்னொரு தரம் கூவினார்.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் எண்ணிக்கையே கிடையாது, ஊர்தான். அவர் கூவுவார், ஒன்பது பேரும் கூடக் கூவுவார்கள். ஒருத்தியின் கணவர் "இது யோகா கிளாஸா, பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்டாராம். "அண்ணா, தோள எறக்குங்க. நிமிந்து ஒக்காருங்க" என்று தையல்கார அக்கா என் வார்த்தையையே எடுத்துச் சொல்வாள், அவர் உடனே நிமிர்வார். நான் சொன்னால் ஏறாதது அவள் சொன்னால் ஏறுகிறது. எனக்கு வயிறெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ஐந்து ஊர் வந்தது. ஆறு வந்தது. மேட்டுக்கு நடக்க மூன்று இடத்தில் உட்கார்ந்தவர் ஓரிடத்தில் நின்றால் போதும் என்றானார். காலி ஜீப்பை வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்துத் திரும்பினார்.

ஆடி முடியும்போது ஏழு ஊரில் நின்றது. நெல்லிவாசலுக்கு மேல் காற்று இல்லை. கடைசி நாள் காலை மூன்று தரம் முயன்றார். மூன்று தரமும் நெல்லிவாசல்தான். "பாத்தல்ல?" என்றார். நான் பாயைச் சுருட்டினேன்.

அதற்குள் வண்டிகள் ஓட விட்டிருந்தார்கள், மாடி அறையை நானும் திறக்க வேண்டியிருந்தது. "நாளைக்கு உன்ன எறக்கி வுட்டுட்டு, ஒரு நட ஆளுங்கள ஏத்தி மேல வுட்டுட்டு, சாயங்காலம் அவனண்ட சாவியக் குடுத்துடறேன்" என்றார். நான் கோபப்படவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

மறுநாள் வகுப்பு முடிந்து ஸ்டாண்டுக்கு நடந்தபோது, தையல்கார அக்கா கழுத்தில் அளவு டேப்போடு கூடவே வந்தாள், அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். நான் வழக்கம் போல முன் சீட்டில் ஏறினேன். அவர் படியில் காலை வைத்தார். கம்பியைப் பிடித்தார். தோளை இறக்கினார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இழுத்தார்.

"சேம்பறை கம்புக்குடி வழுதலம்பட்டு நடுக்குப்பம் கோவிலூர் புங்கம்பட்டு நெல்லிவாசல்..."

நின்றது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. குனிந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தரம் பார்த்திருக்கிறேன்.

நடுத்தெருவில் நான் வாய் திறந்து கத்தியதே இல்லை. தலையை வெளியே நீட்டினேன். "புதூர்நாடேய்!"

பூக்கார அம்மா காதைப் பொத்தினாள். தையல்கார அக்கா கை தட்டினாள். மூட்டையோடு நிழலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வந்தார்கள், ஏறினார்கள்.

அவர் டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "ரெண்டு பேரு கூவினா அது கணக்குல வராது" என்றார்.

"அப்போ ஏறினவங்கள எறக்கி வுடுங்க, பாக்கலாம்."

திரும்பிப் பார்த்தார். பின்னால் இடமில்லை. "இன்னாபா, எடுக்கலாமா? மழ வர்ற மாதிரி இருக்குது" என்றார் ஒருவர். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஜீப் கேட்டவர்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை என் மடியில் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினார்.

"நீ பேசு. எனக்கு மூச்சு வேணும், மேடு ஏறணும்."

நான் போனை எடுத்து, "வண்டி குடுக்கறதுக்கு இல்லீங்கண்ணா" என்றேன். இன்றுவரை எட்டாவது ஊரை நான்தான் கூவுகிறேன்.