வடக்கு வரிசைச் சோறு

பூச்சிப்பொடி தூவிய உடுப்போடு அடுக்களைக்குள் வந்தால் அப்பா ஏன் இப்படிச் சத்தம் போடுகிறார் என்று உங்களுக்கு எரிச்சல் வருகிறது. ஒரு மனிதரைக் கட்டிவைத்து அடித்துக் கொல்லப் பார்த்ததை நான் நேரில் கண்டவன் மக்களே.

சுசீந்திரத்துக்குக் கிழக்கே, நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷம் ஆகியிருந்தது. நெல்லுக்குப் பூச்சிப்பொடி அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. நான் பந்தியில் சாம்பார் விளம்பினேன்.

இரண்டாம் பந்தி முடிந்து, சாப்பிட்டவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். ஒரு பெண் குடல் வெளியே வந்துவிடுவதுபோல் வாந்தி எடுத்தாள். அவளைப் பிடிக்கப்போன கிழவர் தானும் விழுந்தார். மணப்பெண்ணின் தாய்மாமனுக்கு ஒரு மகள், சின்னப்பிள்ளை. அவளுக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. நாக்கைக் கடித்ததில் பாவாடையெல்லாம் ரத்தம்.

"சோத்துல வெசம் வச்சிட்டாம்லே!" என்று யாரோ கத்தினார்கள்.

சமையல்காரருக்கும் அந்த மாமாவுக்கும் காலையில்தான் தேங்காய் போதவில்லை என்று வாய்த்தகராறு நடந்திருந்தது. அது போதுமே. மாமா அவரைக் கொட்டகையிலிருந்து முடியைப் பிடித்து இழுத்து வந்தார். தென்னையில் கட்டினார்கள். பச்சை மட்டையால் அடித்தார்கள். மட்டை பிளந்ததும் விறகுக்கட்டையை எடுத்தார்கள். வலது முழங்கையில் ஒரு அடி விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"சொல்லுலே எரப்பாளி! என்னத்தக் கலந்த?" என்று மாமா கேட்டார்.

"எல்லாச் சோறும் ஒரே வார்ப்புல வெந்தது வே!" என்று அவர் அலறினார். "மொதப் பந்தியில ஒருத்தனாவது விழுந்தானா? இப்பக் கொண்டாரும், உம்ம முன்னாலயே திங்கேன்!"

வார்ப்பு அண்டாவின் அடியிலிருந்த சோற்றை அள்ளி வாயில் திணித்தார்கள். ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. "மாத்து மருந்து தின்னுட்டு நிக்கான் சவம்!" என்று மறுபடியும் அடி.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆள் செத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கேட்ட கேள்வி மட்டும் மண்டைக்குள் நின்றது. தரையில் துடிப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இவர்களுக்கு நான்தானே விளம்பினேன்? எல்லாரும் வடக்கு வரிசை. தெற்கு வரிசைக்காரர்கள் அவர்களுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசைக்கும் என் கையில் இருந்தது ஒரே சாம்பார் வாளி. ஆனால் சோறு? தெற்கே பித்தளைப் பாத்திரத்தில் வந்தது. முதல் பந்திக்குப் பாத்திரம் போதுமாயிருந்தது; இரண்டாம் பந்தியில் கூட்டம் கூடி, வடக்கே பாத்திரம் போதாமல், கடவத்தில், அதாவது பெரிய ஓலைக் கூடையில், சுடச்சுடக் கொட்டிக் கொண்டுவந்தார்கள்.

கொட்டகைக்கு ஓடினேன். கடவத்தை முகர்ந்ததும் மூக்கில் காரமாக ஏறியது. முடைச்சலைப் பிரித்தேன். இரட்டை ஓலைக்கு நடுவே ஈரத்தில் குழைந்த வெள்ளைப் பொடி.

கல்யாணத்துக்குக் கடவம் இரவல் தருகிறவர்கள், மாறிவிடாமலிருக்க விளிம்பில் துணி முடிவார்கள். இதில் இருந்தது மாமா வீட்டுச் சிவப்புத் துணி.

கூட்டத்தை முட்டித் தள்ளிப் போய் அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "மாமா, இதுல என்ன செமந்தீரு?"

ஓங்கிய கட்டை அப்படியே நின்றது. "வயலுக்குப் பொடி... ஆத்துல நல்லாக் கழுவித்தாம்லே குடுத்தேன். சாணி செமந்த கடவத்தக் கழுவிட்டு நெல்லு அள்ளலியா நாம?"

உண்மைதான். சாணி, சாம்பல், எலும்புத்தூள் எல்லாம் தண்ணீரில் போய்விடும். இதுவும் போகும் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருப்போம்.

மணப்பெண்ணின் அப்பா மாமாவின் நெஞ்சில் எட்டி உதைத்தார். விழுந்த மாமாவின்மேல் நாலைந்து பேர் பாய்ந்தார்கள். இத்தனை நேரம் சமையல்காரரை அடித்த அதே ஆட்கள்.

"ஏலே, அவனப் பொறவு அடிங்க!" தென்னையிலிருந்து சமையல்காரர் கத்தினார். "பிள்ளையளத் தூக்கி வண்டியில போடுங்கலே. அந்தக் கடவத்தயும் கூடக் கொண்டு போங்க. என்னத்தத் தின்னாங்கன்னு டாக்டருக்குத் தெரியாண்டாமா? என்னையும் அவுத்துவிடுங்கலே, மூதிகளா!"

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டிகள் பறந்தன. மாமாவின் மகள் பிழைத்தாள். கிழவர் வழியிலேயே போய்விட்டார்.

அடுத்த வருஷம் என் தங்கை கல்யாணத்துக்குச் சமையல்காரரைக் கூப்பிடப் போனேன். வளைந்து சேர்ந்த கையைத் தடவியபடி சொன்னார்:

"வாறேன். ஆனா சோறு அள்ளுற பாத்திரம் பூரா என் வீட்டுல இருந்துதான் வரும். உங்க ஆளுவ ஒரு ஓலையக் கூடக் கொட்டகைக்குள்ள கொண்டாரப்படாது. சம்மதமா வே?"

சம்மதம் என்றேன்.