பின் சீட்டு இல்லாத கார்

சுனாமி வந்த அடுத்த ஆண்டு, துபாயிலிருந்து விடுப்பில் வந்த சாச்சா ஒரு பழைய கார் வாங்கினார். என் தகப்பனார், அதாவது அத்தாவின் தம்பி அவர். கல்யாணமான சில வாரங்களிலேயே திரும்பிப் போனவர், அதற்குப் பிறகு அப்போதுதான் வந்திருந்தார். திண்டிவனத்து டாக்டர் ஒருவர் ஓட்டிச் சலித்த சின்ன வெள்ளைக் கார் அது. எஞ்சினின் அளவை வைத்து ஊரில் எல்லோரும் அதை ‘எண்ணூறு’ என்றே சொல்வார்கள்.

சாச்சாவுக்குத் துபாயில் கார் பட்டறையில் வேலை. எண்ணூறின் சரித்திரத்தை எங்களுக்கு அவர்தான் சொன்னார். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் ரோட்டில் கனத்த கார்கள் இரண்டு மூன்று வகைதான் போய்க்கொண்டிருந்தனவாம். இந்தச் சின்னக் கார் வந்ததும், ஜனங்கள் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்தார்களாம். முதலில் டாக்டர்கள் வாங்கினார்கள், அப்புறம் வாத்தியார்கள், கடைசியில் டிரைவிங் ஸ்கூல்காரர்கள். இடையில் சிலர் இதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, அடியில் தகடு அடித்து, மலையிலும் மணலிலும் ஓட்டினார்கள்.

“பொம்மைன்னு நெனைக்காதீங்க. பெரிய வண்டிங்க பொதைஞ்சு நின்ன எடத்துல இது பூந்து போயிருக்குது,” என்றார்.

அந்தச் சமயத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு குழு, மரக்காணம் உப்பளங்களைச் சுற்றி கார் பந்தயம் நடத்துவதாகச் செய்தி வந்தது. சாச்சா பெயர் கொடுத்தார். மறுநாளே பின் சீட்டைக் கழற்றி மாடியில் போட்டுவிட்டார். காரில் ஊர் சுற்றலாம் என்றிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் முகம் தொங்கிப்போயிற்று.

“ரூல்ஸ் அப்படி. வெயிட்டு கொறைக்கணும்.”

பந்தயத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கொடுத்த தாளைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். அதற்குத் தன் மனைவியை, எங்கள் சாச்சியைச் சொன்னதும், குடும்பத்துக்கு மூத்தவரான பெரியத்தா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார்.

“ஏம்பா, ஊர்ல வேற ஆளே இல்லியா?”

“இங்கிலீஷ்ல இருக்குதுண்ணே. நம்ம வீட்ல பன்னெண்டாவது படிச்சது இவதான்.”

பெரியத்தா மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

விடியற்காலையில் இருவரும் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் எந்நேரமும் ஆட்கள். அவர்களுக்கென்று ஓர் அறை உண்டு. அரிசி மூட்டையும் எங்கள் புத்தகப் பைகளும் அதில்தான் இருந்தன. யாராவது உள்ளே போவதும் வருவதுமாக இருப்போம்.

ஒருநாள் காலை அத்தாவின் சைக்கிளில் உப்பளப் பக்கம் போனபோது காரைப் பார்த்தேன். கரைமேல் எஞ்சின் அணைந்து நின்றது. சாச்சி கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சாச்சா ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “சோறு வைக்கட்டுமா” என்பதற்கு மேல் சாச்சி பேசி நான் கேட்டதில்லை.

“ஓட்டாம நிக்கிறாங்களே அத்தா?”

“வழி பாக்குறாங்க,” என்று அத்தா சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

பந்தயத்தன்று அது வேகத்துக்கான போட்டியே இல்லை என்று தெரிந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் போனாலும் மதிப்பெண் போய்விடும். ஒரு குடும்பம் குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்தே வந்திருந்தது. சீட்டைக் கழற்றிய கதையை நான் சொன்னதும் கொடி பிடித்திருந்தவர் சிரித்தார். “இதுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?”

எண்ணூறு கடைசியாக வந்தது. சக்கரமெல்லாம் உப்புச் சேறு. இறங்கும்போதே சாச்சி எல்லோர் முன்னாலும் குரலை உயர்த்தினார்.

“லெஃப்ட்டுன்னு நான் சொன்னேனா இல்லியா?”

“சொன்ன. நான்தான் கேக்கல.”

பெரியத்தா கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விடுப்பு முடிந்தும் சாச்சா விமானம் ஏறவில்லை. வானூரில் கார் பட்டறை வைக்க ஒரு ஷெட்டும் அதன் பின்னாலேயே ஒரு சின்ன வீடும் வாடகைக்கு எடுத்து, இருவரும் போய்விட்டார்கள். கார் பைத்தியம் பிடித்து துபாய் சம்பளத்தை விட்டான் என்றது வீடு. நானும் அதையே பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன்.

ஆனால் சாச்சா அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. பெருநாளுக்கு வானூர் போயிருந்தபோது காரணம் கேட்டேன்.

“இனிமே எதுக்கும்மா?” என்றார். சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியாக வந்த வெட்கம் இருவருக்கும் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.