ராசம்மாளின் ரிசல்ட்

ராசம்மாள்தான் எங்கள் நடவுக் கூட்டத்தில் முதல் ஆள். வயலில் இறங்கியதும் முதல் நாற்றுக் கட்டை, அந்த முடியை, அவள் கையில் கொடுத்துத்தான் தொடங்குவோம். கைராசிக்காரி. புருஷன் பகலவன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மடித்த துணியோடு சேற்றில் நின்றே மூன்று மாதம் ஓட்டினாள். ஆவணியில் வரப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் நானும் அவள் நாத்தனார் சுடர்விழியும் மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"டி அண்ட் சி பண்ணணும்மா. மயக்கம் குடுத்து, கர்ப்பப்பை வாயைக் கொஞ்சம் அகட்டி, உள்பக்கம் சுரண்டி எடுப்போம். கால் மணி நேரந்தான். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம். எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்புவோம். பத்து நாள் கழிச்சு ரிசல்ட் வாங்கிட்டு என்னைப் பாருங்க. அதுதான் முக்கியம்."

மறுநாளே செய்தார்கள். எங்கள் ஊரில் டி அண்ட் சி என்றால் கருக்கலைப்பு. வேறு அர்த்தம் கிடையாது. அத்தனையும் காதால் கேட்ட நானே, ஊருக்குத் திரும்பி அந்தப் பெயரை மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய்க்கு ருசிக்கவில்லை. புருஷன் சிங்கப்பூரில், பெண்டாட்டிக்குக் கலைப்பு. கேட்கவா வேண்டும்.

புரட்டாசி நடவில் ராசம்மாள் வழக்கம்போல் கையை நீட்டினாள். முதல் முடி அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. வாங்கி நட்டேன். அவள் நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடைசி ஆளாகப் போய் நின்றாள்.

அதன்பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே கூசினாள். "நீங்க இருங்க அண்ணி, நான் வாங்கியாறேன்" என்று சுடர்விழி சீட்டை வாங்கிப் போனாள். திரும்பி வந்து, "ஒண்ணும் இல்லையாம்" என்றாள். ராசம்மாள் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

களையெடுப்பின்போது, ராசம்மாள் காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்க, சுடர்விழி எங்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

"டாக்டரைப் பாத்துட்டுப் போங்கன்னாங்க. நான் ஏன் பாக்குறேன்? காகிதத்தைப் பஸ் ஸ்டாண்டுலயே கிழிச்சுப் போட்டுட்டேன். பொங்கலுக்கு அண்ணன் வருது. அது கண்ணுல பட்டா மானம் போயிடும்ல. ஆஸ்பத்திரிலேருந்து போன்கூட வந்துச்சு, எடுக்கலை."

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நான் குனிந்து களை பிடுங்கினேன். வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் முதல் முடி கையைவிட்டுப் போய்விடும்.

மாசியில் ராசம்மாள் படுத்துவிட்டாள். மறுபடி மன்னார்குடிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு வந்து தங்கியிருந்த பகலவனிடம் கேட்டார்.

"செப்டம்பர்லயே கேன்சர்னு ரிசல்ட் குடுத்திருக்கோமே. அப்பவே கர்ப்பப்பையை எடுத்திருந்தா குணமாகியிருக்கும். இப்ப பரவிடுச்சு. ஏங்க வரலை?"

ராசம்மாள் சக்கர நாற்காலியில் இருந்தபடி நாத்தனாரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லைன்னியே சுடரு."

நான் நாற்காலியை வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

அடுத்த ஆவணியில் செத்துப்போனாள். கருமாதி முடிந்த மறுவாரம் நடவு. முதல் முடியை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.