லாங்க்னர் வீட்டு இடைவெளி

ரோசல்பா டெடெஸ்கோ யாரையும் நம்புவதில்லை. அதற்குத்தான் எங்கள் நகராட்சி அவளுக்குச் சம்பளம் தருகிறது. நியூ ஜெர்சிக் கடற்கரையில் கோடையில் மணலை மிதிக்க பேட்ஜ் வாங்க வேண்டும். வருகிறவர்கள் அதைக் குத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை. பாதிரியாரையே மறித்திருக்கிறாள். "அங்கி போட்டு வர்ற ஆளுங்களத்தான் முதல்ல சோதிக்கணும், ஃபாதர்" என்றாளாம்.

ஒரு வருஷம் அக்டோபரில் வந்த புயல் கடற்கரையை வழித்துக்கொண்டு போனது. கடலுக்கும் ரோசல்பா வீட்டுக்கும் நடுவில் மூன்று தெருக்கள் உண்டு. கடல் அதை மதிக்கவில்லை. அவள் சமையலறையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. இன்னொரு முறை வந்தால் காப்பீட்டுக்காரர்கள் கைகழுவுவார்கள், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அரசாங்கம் மணல் தர முன்வந்தது. கப்பல் ஒன்று கடலடி மணலை உறிஞ்சிக் குழாய் வழியே கரையில் கொட்டும். இரண்டு ஆள் உயரத்துக்கு மேடு எழும். கரையோர வீட்டுக்காரர்கள் தங்கள் மனையின் கடல் பக்கத்தில் மேடு போடச் சம்மதம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் தந்தார்கள். ரோசல்பா தெருவின் கடல்முனையில் இருக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டர் வின்ஃபீல்ட் லாங்க்னர் மட்டும் மறுத்துவிட்டார். வழக்குப் போடலாம், தீர்ப்பு வருவதற்குள் நாலு புயல் வந்துவிடும். அவர் வீட்டகலத்துக்கு இடைவெளி விட்டால், கடலுக்கு நாமே வாசல் வைத்துக் கொடுத்த மாதிரி.

பொறியாளர்கள் வரைபடத்தோடு போனார்கள். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். கடைசியில் ரோசல்பா ஒரு கேக்கோடு போனாள்.

"இதுல என்ன கலந்திருக்கே?"

"சர்க்கரை. உங்க தொழிலுக்கு நல்லதுதானே டாக்டர்?"

"எனக்குத் தெரியும் ரோசல்பா. இன்னிக்கு மணல்னு வருவானுங்க. நாளைக்கு என் ஜன்னலுக்கு நேரா கக்கூஸ் கட்டுவானுங்க. அப்புறம் நான் கடலைப் பார்க்க ஏணி போடணும்."

பொதுநலம், அண்டை வீட்டார், தன் சமையலறை என்று எதையும் அவள் பேசவில்லை. பக்கத்திலிருந்த ஹோல்கேட் வீட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஹோல்கேட் மட்டும் ஏன் அவ்ளோ அவசரமா கையெழுத்துப் போட்டாரு?"

"அவன் பயந்தாங்கொள்ளி."

"பயமா? ரெண்டு பக்கமும் மேடு, நடுவுல உங்க வீடு. தண்ணி எங்க பாயும்? வீடு போனப்புறம் அந்தக் காலி மனையை அடிமாட்டு விலைக்கு யாரு வாங்குவா?"

லாங்க்னரின் கையிலிருந்த கேக் வாய்க்குப் போகவில்லை.

"போன வாரம் என் மனை எவ்ளோ அகலம்னு கேட்டானே!"

"கேட்டாரா?" இப்போது ரோசல்பாவே கொஞ்சம் ஆடிப்போனாள்.

மறுநாள் காலை நகராட்சி அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்ற முதல் ஆள் லாங்க்னர். மூன்று பேனா கொண்டுவந்திருந்தார். அலுவலகப் பேனாவில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

ஹோல்கேட்டைப் பற்றிச் சொன்னது உண்மையா என்று ரோசல்பாவிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? வாய்க்கு வந்ததச் சொன்னேன்" என்றவள், குரலைத் தாழ்த்தி, "ஆனா அகலம் கேட்டிருக்காரே!" என்றாள். ஹோல்கேட்டிடமே கேட்டேன். வேலி போடத்தான் அகலம் கேட்டேன் என்றார். வேலியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கோடைக்குள் மேடு முழுதாக எழுந்தது. எங்கும் கக்கூஸ் முளைக்கவில்லை. அடுத்த நவம்பரில் பெரும் புயல் வந்தது. அலைகள் மேட்டை முட்டிப் பாதி உயரத்தைத் தின்றுவிட்டுத் திரும்பின. விடிந்ததும் ரோசல்பா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மண்டியிட்டு, தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். காய்ந்துதான் இருந்தது. அடுப்புக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.