இரண்டு பேரும் ஸாரி சொல்லுங்க

அப்போது துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். புதன்கிழமை கடைசி பீரியடில் சமாதான வகுப்பு என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். இந்தியாக்காரிக்கு அகிம்சை தெரியாமலா போகும் என்று பிரின்சிபால் அதை என் தலையில் கட்டினார். வகுப்பில் பாதிப் பேர் பாலஸ்தீனப் பிள்ளைகள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மதுரையில் எங்கள் டீச்சர்கள் செய்ததுதான். இரண்டு பேர் சண்டை போட்டால் யார் ஆரம்பித்தது என்று கேட்கவே மாட்டார்கள். இரண்டு பேரும் ஸாரி சொல்லிக் கை குலுக்கிவிட்டு உட்கார வேண்டும். நானும் அதையே செய்தேன், கொஞ்சம் பெருமையோடு.

காஸாவிலிருந்து முந்தின வருஷம் வந்திருந்த ஒன்பது வயதுப் பெண்ணின் படத்தை ஒருநாள் பக்கத்துப் பையன் கிழித்துவிட்டான். அவள் வரைந்திருந்தது ஒரு வீடு. அவனைப் பிடித்துத் தள்ளினாள். இருவரையும் எழுப்பி நிறுத்தினேன்.

"அவன்தான் முதல்ல, மிஸ்."

"அதெல்லாம் பேசக் கூடாது" என்று அதட்டினேன். இரண்டு பேரும் ஸாரி சொன்னார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் காஸாவில் குண்டு விழுந்தது. அவளுடைய மாமா வீடு தரைமட்டமாகி, மாமா பிள்ளைகள் இருவர் இறந்துபோனார்கள். நான்கு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தவள் இன்டர்வெலில் என் மேசையருகே வந்து நின்றாள்.

"மிஸ், நாங்களும் ஸாரி சொல்லணுமா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.